பார்சலில் வந்தது வேறு, பணமும் திரும்பவில்லை: இணையத்தில் பொருள் வாங்குவோரின் உரிமைகள்

நோன்பு தொடங்கிவிட்டால் கடைவீதி அலைச்சலைக் குறைத்துக்கொண்டு, பெருநாள் துணிமணி முதல் மிக்ஸி வரை கைப்பேசியிலேயே வாங்கிவிடும் பழக்கம் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. வளைகுடாவில் இருக்கும் கணவர் அங்கிருந்தே ஆர்டர் போடுகிறார். காயல்பட்டினத்திலோ மேலப்பாளையத்திலோ இருக்கும் மனைவி பார்சலை வாங்கிக்கொள்கிறார். வெளியூரில் வேலை பார்க்கும் மகன், வாப்பாவுக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை வீட்டுக்கே அனுப்பிவைக்கிறார்.

பொருள் ஒழுங்காக வந்து சேரும் வரை எல்லாம் நல்லபடியாகவே இருக்கிறது. சிக்கல் வந்தால்தான் தெரிகிறது, யாரிடம் போய்க் கேட்பது என்று நமக்குத் தெரியாது என்பது. கடைத்தெருவில் வாங்கியிருந்தால் பில்லோடு போய் முதலாளியிடம் நின்றிருப்போம். இங்கே முதலாளியும் இல்லை, கல்லாவும் இல்லை. செயலியில் தட்டினால் தானியங்கி பதில் வருகிறது. அதைத் தாண்டினால் யாரோ ஒருவர், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், 48 மணி நேரம் காத்திருங்கள்" என்கிறார். காத்திருந்தால் "உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது" என்று ஒரு வரி வருகிறது. "தொள்ளாயிரம் ரூபாய்தானே, போகட்டும்" என்று நம்மில் பலர் அத்தோடு விட்டுவிடுகிறோம்.

அப்படி விட வேண்டியதில்லை. செயலியில் வரும் மறுப்பு அந்த நிறுவனத்தின் பதில் மட்டுமே, அது தீர்ப்பல்ல. அதற்கு மேலே சட்டம் சில படிகளை வைத்திருக்கிறது. அவற்றில் ஏற வழக்கறிஞரோ பெருஞ்செலவோ தேவையில்லை. தேவைப்படுபவை இரண்டு: ஆதாரம், தேதி. இவ்விரண்டையும் பத்திரப்படுத்தியவரின் புகாரைத் தள்ளிவிடுவது எளிதல்ல. இந்தியாவில் நடைமுறையில் உள்ள சட்டத்தை ஒட்டி, ஒரு குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். இது 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் 23ஆம் தேதி, இணைய வணிகத்துக்கென்றே தனி விதிகளும் வெளியிடப்பட்டன. இணையத்தில் வாங்குபவரும் 'நுகர்வோர்'தான் என்பதைப் புதிய சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது.

நம் குடும்பங்களுக்கு மிகவும் பயன்படும் ஒரு செய்தி இந்தச் சட்டத்தில் உண்டு. பணம் கொடுத்து வாங்கியவர் மட்டுமல்ல, அவருடைய ஒப்புதலோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. துபாயில் இருக்கும் கணவர் பணம் கட்டியிருந்தாலும், ஊரில் அதைப் பயன்படுத்தும் மனைவி புகார் கொடுக்கலாம். "கணக்கு அவர் பெயரில் இருக்கிறது, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று ஒதுங்க வேண்டியதில்லை. கணவரிடமிருந்து ஓர் ஒப்புதல் கடிதத்தை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டால் மேலும் நல்லது.

ஒரு விலக்கும் உண்டு. மறுவிற்பனைக்காக அல்லது பெரிய அளவிலான வணிகத்துக்காக வாங்கியவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியது வணிக நோக்கமாகக் கருதப்படாது. வீட்டிலிருந்து புர்கா தைத்துக் கொடுக்கும் ஒரு சகோதரி தமக்கென்று வாங்கிய தையல் இயந்திரம் பழுதாக வந்தால், அவரும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரலாம்.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது?

இங்கே பலருக்கும் குழப்பம் இருக்கிறது. தகராறில் இறங்குவதற்கு முன் இதைப் பிரித்துப் புரிந்துகொள்வது முக்கியம்.

பொருள் பழுதாக இருந்தால், போலியாக இருந்தால், விளம்பரத்தில் சொன்ன தன்மையில் இல்லாவிட்டால், அல்லது சொன்ன தேதியைத் தாண்டி வந்தால், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020 விதிகள் கூறுகின்றன. வெள்ளம், புயல் போன்ற கட்டுக்கடங்காத காரணங்களால் ஏற்பட்ட தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதை 2019 சட்டமும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று வகைப்படுத்துகிறது. பில்லில் குறித்த காலத்துக்குள் தர வேண்டும். பில்லில் காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாட்களுக்குள் தர வேண்டும். எனவே, "இந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று பக்கத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தாலும், பழுதான பொருளின் விஷயத்தில் அது நிறுவனத்துக்கு முழுக் கவசமாகிவிடாது.

அதே வேளையில், "நிறம் பிடிக்கவில்லை", "மனம் மாறிவிட்டது" என்பதற்காகத் திருப்பிக் கொடுக்கும் பொதுவான சட்ட உரிமை இந்தியாவில் இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருட்களைக் காரணமே சொல்லாமல் 14 நாட்களுக்குள் திருப்பலாம். இங்கே அது அந்தந்த நிறுவனத்தின் ரிட்டர்ன் கொள்கையைப் பொறுத்தது. ஆகவே வாங்கும் முன்பே பார்க்க வேண்டியவை: ரிட்டர்ன் உண்டா, மாற்றிக்கொள்ள மட்டும்தானா, எத்தனை நாள்? அந்தப் பகுதியை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வதற்கு ஐந்து விநாடி போதும்.

"நாங்கள் வெறும் மேடைதான்" என்ற பதில்

பெரிய இணையச் சந்தைகளில் நாம் வாங்கும் பொருளை விற்பவர் பெரும்பாலும் வேறொருவர். செயலியின் பெயர் ஒன்று, பில்லில் இருக்கும் பெயர் இன்னொன்று. புகார் சொன்னால், "விற்றது அவர்கள், நாங்கள் இடையில் இருக்கும் மேடை மட்டுமே" என்ற பதில் வரும்.

இந்தப் பதில் எல்லா இடத்திலும் செல்லுபடியாவதில்லை. விற்பனையாளரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை எண், ரிட்டர்ன், பணம் திரும்புதல், உத்தரவாதம் பற்றிய விவரங்கள் ஆகியவற்றை நுகர்வோருக்குத் தெளிவாகக் காட்டும் கடமை அந்த மேடைக்கே உண்டு. பொருள் வாங்கியவர் எழுதிக் கேட்டால் விற்பனையாளரைப் பற்றிய தகவலைக் கொடுக்கவும் வேண்டும்.

2022 ஆகஸ்டில் நடந்த ஒன்றைக் குறிப்பிடலாம். கட்டாயத் தர நிர்ணயத்துக்கு உட்படாத பிரஷர் குக்கர்களைத் தன் தளத்தில் விற்க அனுமதித்ததற்காக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. விற்கப்பட்டிருந்த 2,265 குக்கர்களையும் வாங்கியவர்களுக்குத் தகவல் தெரிவித்து, பொருளைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. ஒவ்வொரு விற்பனையிலும் கட்டணம் பெறும் நிறுவனம், சிக்கல் வரும்போது மட்டும் தனக்குத் தொடர்பில்லை என்று சொல்ல முடியாது என்பது ஆணையத்தின் நிலைப்பாடு. நிறுவனம் அந்த ஆணையை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றம் சென்றது. ஆனாலும், ஒழுங்குமுறை அமைப்பு இந்த விஷயத்தை எப்படிப் பார்க்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

நடைமுறைக்கு இதன் பொருள் ஒன்றே. புகார் எழுதும்போது பில்லில் உள்ள விற்பனையாளர், நாம் வாங்கிய இணையச் சந்தை ஆகிய இருவரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பார்சல் வந்த அன்றே

தகராறில் நாம் தோற்பது பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தில்தான். ஆர்வத்தில் பெட்டியைக் கிழித்துப் பிரித்துவிட்டு, அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகுதான் உள்ளே இருப்பது வேறு பொருள் என்று பார்க்கிறோம். அதற்குப் பின் நம் வாய்ச்சொல்லுக்கும் அவர்களுடைய கணினிப் பதிவுக்கும்தான் போட்டி.

விலை கூடிய பொருள் எதுவானாலும் பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுங்கள். முதலில் பெட்டியின் மேலுள்ள முகவரிச் சீட்டும் பார்சல் எண்ணும் தெளிவாகத் தெரியட்டும். பிறகு ஆறு பக்கங்களையும் திருப்பிக் காட்டி, ஒட்டிய டேப் பிரிக்கப்படாமல் இருப்பதைப் பதிவு செய்யுங்கள். வெட்டுவதிலிருந்து பொருளை வெளியே எடுப்பது வரை நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக இருக்க வேண்டும். கைப்பேசி போன்ற பொருளாக இருந்தால், பெட்டியில் அச்சிட்ட எண்ணும் கருவியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்பதையும் காட்டுங்கள். வீடியோ இல்லாவிட்டால் புகார் செல்லாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் இதைவிட வலுவான ஆதாரம் வேறில்லை.

திறந்து காட்டிக் கொடுக்கும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது. அதில் ஒரு கவனம் வேண்டும். பொருளைப் பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் ஓ.டி.பி. எண்ணைச் சொல்ல வேண்டும். எண்ணைச் சொல்லிவிட்டால், பொருள் சரியாக வந்துவிட்டது என்று நாமே ஒப்புக்கொண்டதாகப் பதிவாகிவிடும். வீட்டில் தனியாக இருக்கும் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கதவருகே நிற்கும் பையன் அவசரப்படுத்தினால், வயதானவர்கள் எண்ணைச் சொல்லிவிடுவது வழக்கம்.

பெட்டி, முகவரிச் சீட்டு, பில், உத்தரவாத அட்டை ஆகியவற்றை ரிட்டர்ன் காலம் முடியும் வரையாவது எறியாதீர்கள். திருப்பி அனுப்பும்போதும் பொருளைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டுவதை வீடியோ எடுங்கள். எடுத்துச் செல்பவரிடம் ரசீது அல்லது குறுஞ்செய்தி வாங்காமல் பொருளைக் கொடுக்க வேண்டாம். "நீங்கள் அனுப்பியது வேறு பொருள்" என்று சொல்லிப் பணத்தை நிறுத்தி வைக்கும் தகராறுகளும் உண்டு.

வராத பார்சல் வந்துவிட்டதாகக் காட்டினால்

பார்சல் கைக்கு வரவில்லை, ஆனால் செயலியில் 'டெலிவரி முடிந்தது' என்று இருக்கிறது. அல்லது வீட்டில் ஆள் இருந்தும், 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று பதிவாகியிருக்கிறது. முதலில் பக்கத்து வீடு, வாசல் காவலர், தெருக்கடை என்று விசாரித்துவிடுங்கள். அங்கும் இல்லையென்றால் அன்றைக்கே புகார் பதிய வேண்டும். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் அதை நம்ப வைப்பது கடினம்.

அந்தப் பக்கத்தை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அன்றைய அழைப்புப் பட்டியலையும் எடுத்து வையுங்கள். அழைப்பே வரவில்லை என்பதற்கு அதுவே சான்று. பிறகு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. யாரிடம் ஒப்படைக்கப்பட்டது? ஓ.டி.பி. அல்லது கையொப்பம் பெறப்பட்டதா? ஒப்படைத்ததற்கான சான்று என்ன? பொருளை ஒப்படைத்ததாகச் சொல்பவரிடம் அதற்கான சான்றைக் கேட்பதில் தவறேதும் இல்லை.

பணம் திரும்பும் வழி

"பணத்தை அனுப்பிவிட்டோம், உங்கள் வங்கியில் கேளுங்கள்" என்பது நிறுவனத்தின் பதில். "எங்களுக்கு எதுவும் வரவில்லை" என்பது வங்கியின் பதில். இரண்டுக்கும் நடுவே நாம் அலைகிறோம். இதைத் தீர்க்க ஓர் எண் போதும். அட்டையில் கட்டியிருந்தால் ஏ.ஆர்.என். எண்ணையும், யு.பி.ஐ. வழியாகக் கட்டியிருந்தால் ஆர்.ஆர்.என். அல்லது யு.டி.ஆர். எண்ணையும் நிறுவனத்திடம் கேளுங்கள். உண்மையாகவே பணம் அனுப்பப்பட்டிருந்தால் அந்த எண் அவர்களிடம் இருக்கும். அதைக் கொண்டு பணம் எங்கே நிற்கிறது என்று வங்கியால் கண்டுபிடிக்க முடியும்.

பணத்துக்குப் பதிலாகக் கூப்பனோ செயலிக்குள் செலவிடும் தொகையோ தருகிறோம் என்றால் உடனே 'சரி' என்று அழுத்திவிடாதீர்கள். இணையத்தில் பணம் பெற்றுத்தரும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் வழிகாட்டுதல் வெளியிட்டது. திரும்பும் பணம் எந்த வழியில் செலுத்தப்பட்டதோ அந்த வழியிலேயே போக வேண்டும், வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் மட்டுமே வேறு வழிக்கு மாற்றலாம் என்று அது சொல்கிறது. நாம் கவனிக்காமல் அழுத்தும் 'சரி'தான் அந்த ஒப்புதலாகிவிடுகிறது.

கணக்கிலிருந்து பணம் போய், ஆர்டர் பதிவாகாமல் நின்றுவிடுவது வேறு வகை. இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே கெடு வைத்துவிட்டது. பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். வங்கியில் புகார் செய்தும் 30 நாட்களில் தீரவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கடன் அட்டையில் வாங்கிய பொருள் வராமலோ முற்றிலும் வேறாகவோ வந்திருந்தால், அட்டை கொடுத்த வங்கியிடமே அந்தத் தொகையைத் தகராறுக்கு உட்படுத்தி 'சார்ஜ்பேக்' கேட்கலாம். இதற்குக் காலவரம்பு உண்டு என்பதால் நாளைக் கடத்தக் கூடாது.

புகாரின் நான்கு படிகள்

முதல் படி, செயலிக்குள்ளேயே புகார். ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் பதிவு செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசினால், பேசி முடித்த கையோடு "இன்று இத்தனை மணிக்குப் பேசியபோது இவ்வாறு சொன்னீர்கள்" என்று அரட்டைப் பகுதியிலோ மின்னஞ்சலிலோ எழுதி விடுங்கள். பேச்சு காற்றில் போய்விடும், எழுத்து நிற்கும்.

இரண்டாம் படி, குறைதீர்ப்பு அலுவலர். ஒவ்வோர் இணைய வணிக நிறுவனமும் இப்படி ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். புகார் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நம்மில் பலர் இந்தப் படி இருப்பதே தெரியாமல் சேவை மையத்தோடு மல்லுக்கட்டிக் களைத்துப் போகிறோம். அவருக்கு எழுதும் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி இருந்தால் போதும்:

"ஆர்டர் எண் இது. இன்ன தேதியில் 1,450 ரூபாய் செலுத்தி ஒரு பருத்தி அபாயா வாங்கினோம். இன்ன தேதியில் வந்து சேர்ந்த பொருள் பருத்தி அல்ல. விளம்பரப் படத்திலிருந்தும் வேறுபட்டது. அன்றே பதிந்த புகாரின் எண் இது. காரணம் கூறாமல் அது நிராகரிக்கப்பட்டது. விளம்பரப் பக்கத்தின் படம், பெட்டி திறந்த வீடியோ, பில் ஆகியவற்றை இணைத்துள்ளோம். 2020ஆம் ஆண்டின் இணைய வணிக விதிகளின்படி பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, முழுத் தொகையையும் பணம் செலுத்திய கணக்கிலேயே வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு மாதத்துக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவோம்."

கோபமும் வசையும் இந்தக் கடிதத்தில் வேண்டாம். நாளை இதையே ஓர் ஆணையத்தின் தலைவர் படிக்கக்கூடும் என்ற நினைப்போடு எழுதுங்கள்.

மூன்றாம் படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ் உட்பட 17 மொழிகளில் பேசலாம். வாட்ஸ்அப் வழியாகவும், அவர்களுடைய இணையதளம் வழியாகவும் புகார் பதியலாம். பெரிய நிறுவனங்கள் பலவும் இந்த அமைப்போடு இணைந்திருப்பதால், புகார் நேரடியாக அவர்களுக்குப் போய்ச் சேர்கிறது. உதவி மையத்துக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. ஆனாலும் அரசு அமைப்பு வழியாக வரும் புகாரை நிறுவனங்கள் வேறு மாதிரி கையாள்கின்றன. பல தகராறுகள் இந்தப் படியிலேயே முடிந்துவிடுகின்றன.

நான்காம் படி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருக்கும் வழக்குகளை இது விசாரிக்கும். விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. நிறுவனத்தின் அலுவலகம் பெங்களூரில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இது புதிய சட்டம் தந்த பெரிய வசதி. வழக்கறிஞர் கட்டாயமில்லை; நாமே வாதாடலாம். இணையம் வழியாகவும் மனுவைத் தாக்கல் செய்யலாம். முன்பு 'இ-தாக்கில்' தளத்தில் நடந்த இந்தப் பணி, 2025 ஜனவரியில் தொடங்கிய 'இ-ஜாக்ரிதி' தளத்துக்கு மாறியிருக்கிறது. காணொளி வழியாக விசாரிக்கக் கேட்டும் விண்ணப்பிக்கலாம்.

பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்; ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது. நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்துக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதல் காலம் ஆவதுண்டு என்பதையும் தெரிந்தே இறங்க வேண்டும். பொருளின் விலையோடு மன உளைச்சலுக்கான இழப்பீடும் வழக்குச் செலவும் கேட்கலாம். ஆணையத்தின் உத்தரவை நிறைவேற்றாதவருக்குச் சிறைத் தண்டனையோ 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

உதவி தேடப் போய் ஏமாறாமல் இருக்க

புகார் சொல்லும் அவசரத்தில் நாம் விழும் பள்ளம் ஒன்று உண்டு. நிறுவனத்தின் பெயரைப் போட்டு 'வாடிக்கையாளர் சேவை எண்' என்று இணையத்தில் தேடுகிறோம். முதலில் வரும் எண் மோசடிக்காரர்களுடையதாக இருக்கலாம். அவர்கள் கனிவாகப் பேசி, "பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், இந்தச் செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள், இந்தக் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்" என்பார்கள். தொள்ளாயிரம் ரூபாயைத் திரும்பப் பெறப் போனவர் கணக்கில் இருந்த மொத்தத்தையும் இழந்து நிற்பார்.

ஒன்றை வீட்டில் எல்லோரும் மனத்தில் வைக்க வேண்டும். நமக்கு வர வேண்டிய பணத்தைப் பெறுவதற்கு, ஸ்கேன் செய்யவோ யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் போடவோ தேவையே இல்லை. சேவை எண்ணைச் செயலிக்குள்ளிருந்து மட்டுமே எடுங்கள். தப்பித் தவறி ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். இதற்காக வீட்டுப் பெண்களையோ பெரியவர்களையோ கடிந்துகொள்ளாதீர்கள். ஏச்சுக்குப் பயந்து அவர்கள் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரனுக்கே சாதகம்.

இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாக அபாயா, ஹிஜாப், அத்தர் விற்கும் கடைகளிலும் கவனம் தேவை. நம் சமுதாயப் பெண்கள் பலர் இப்படி நேர்மையாகத் தொழில் செய்து குடும்பத்தைத் தாங்குகிறார்கள். அவர்களோடு முகவரியில்லாத போலிகளும் கலந்திருக்கின்றன. விற்பவரின் முழுப் பெயர், முகவரி, பில் கிடைக்குமா என்பதை முதலிலேயே கேளுங்கள். முகவரி தர மறுப்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். ஆள் யாரென்றே தெரியாவிட்டால் எந்த ஆணையத்தாலும் நோட்டீஸ் அனுப்ப முடியாது.

'இன்னும் 2 மட்டுமே உள்ளது', 'பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது' என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவதும், கடைசிப் பக்கத்தில் புதுக் கட்டணம் காட்டுவதும் கூட முறைகேடுகளே. 2023 நவம்பர் 30 அன்று வெளியான வழிகாட்டுதல்கள் இத்தகைய 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கின்றன. இவை பற்றியும் 1915இல் புகார் செய்யலாம்.

நம் பக்கத்து நேர்மை

பொருளில் குறை இருந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை நமக்குப் புதிதல்ல. குறையை மறைத்து விற்பது கூடாது என்பதும், குறை தெரிந்தால் வாங்கியவர் வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாம் என்பதும் நம் மார்க்கச் சட்ட நூல்களில் 'கியாருல் அய்ப்' என்ற பெயரில் விரிவாகப் பேசப்பட்டவை. அந்த உரிமையைக் கேட்பதற்கு நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

அதே அளவுகோல் நமக்கும் பொருந்தும். பெருநாளன்று உடுத்திவிட்டு மறுநாள் 'அளவு சரியில்லை' என்று திருப்பி அனுப்புவதும், நல்ல பொருளைப் பழுது என்று சொல்வதும், பழையதை உள்ளே வைத்து அனுப்புவதும் ஏமாற்றுதான். எதிரில் இருப்பது பெரிய நிறுவனம் என்பதால் அது கூடுமானதாகிவிடாது. அந்த இழப்பு பல நேரங்களில் சிறிய விற்பனையாளர் தலையில்தான் விடிகிறது. பொய்யான ரிட்டர்ன்கள் பெருகப் பெருக, உண்மையான புகாரையும் நிறுவனங்கள் சந்தேகத்தோடு பார்க்கின்றன.

வாசலில் நிற்கும் டெலிவரி பையனையும் நினைக்க வேண்டும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. வெயிலிலும் மழையிலும் ஓடி, எத்தனை பார்சல் கொடுத்தார் என்பதைக் கணக்கிட்டுக் கூலி வாங்குபவர் அவர். அவரிடம் கத்துவதால் நம் பணம் திரும்பாது. தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, புகாரை உரிய இடத்தில் எழுதுவோம்.

வீட்டில் யாராவது ஒருவர் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்வது நல்லது. கல்லூரிக்குப் போகும் மகளோ மகனோ ஆகட்டும். பில், ஸ்கிரீன்ஷாட், வீடியோ எல்லாவற்றையும் ஆர்டர் வாரியாகக் கைப்பேசியில் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கட்டும். 1915, 1930 ஆகிய இரண்டு எண்களையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். இப்போது உங்கள் கையில் நிராகரிக்கப்பட்ட புகார் ஏதேனும் இருந்தால் அதன் தேதியைப் பாருங்கள். இரண்டு ஆண்டு ஆகவில்லை என்றால் அது இன்னும் முடிந்துவிடவில்லை. குறைதீர்ப்பு அலுவலருக்கான கடிதத்தை இன்றே எழுதத் தொடங்கலாம்.